அண்ணன் ஓட்டிய பள்ளி வேன்

என் கண்ணுக்குள் தங்கத்தூள் தூவினாற்போல் ஏதோ மின்னுகிறது என்று படம் எடுத்த பெண் சொன்னபோது, நான் அதை ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டு, குடி, புகையிலை, தூக்க மாத்திரை போன்ற பழக்கங்களைப் பற்றிய ஆய்வில் நேர்காணல் செய்பவளாகச் சேர்ந்தேன். வீடுவீடாகப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள், குடித்துவிட்டு விழுந்ததுண்டா, வேலை போனதுண்டா, வீட்டில் யாராவது கவலைப்பட்டார்களா என்று கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. தமிழ், கன்னடம் இரண்டும் சரளமாக வரும் என்பதால் பழைய கண்டோன்மென்ட் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவார்கள். எங்கள் குழு மூன்றாவது மாடியில். தரைத்தளத்தில் விழித்திரை நோய்களை ஆராய்கிறவர்கள் இருந்தார்கள். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

ஒருநாள் அவர்களுக்குப் புதிதாக ஒரு கேமரா வந்தது. கண்ணுக்குள் பின்சுவரை, விழித்திரையை, அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் கருவி. நோயுள்ள கண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கண்களும் வேண்டுமாம். கட்டடத்தில் வேலை செய்கிறவர்களே வந்தால் நல்லது என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார்கள். மதிய உணவு நேரத்தில் எங்கள் மாடியிலிருந்து கும்பலாகப் போனோம். கண்ணாடிகூடப் போடாதவள் நான். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சட்டென்று முடிந்தது. என் முறை வந்தபோது அந்தப் பெண் வலது கண்ணைப் படமெடுத்தாள், இடது கண்ணை எடுத்தாள், மறுபடி வலது கண்ணை எடுத்தாள். அப்போதுதான் அந்தத் தங்கத்தூள் பேச்சு வந்தது. கொஞ்சம் இருங்கள் மேடம், டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்து போனாள்.

கண்மணியை விரிக்க மருந்து விட்டிருந்ததால் எனக்கு எல்லாமே வெளுப்பாகத் தெரிந்தது. எங்கள் மாடிக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். டாக்டர் வந்து திரையை நெடுநேரம் பார்த்தார். என்னைவிடச் சில வயது மூத்த பெண்மணி, அதிகம் பேசாதவர். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். கன்னடத்தில்தான் கேட்டார்: உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்களா?

கண்ணைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தவளுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. ஒரே ஒரு அண்ணன் என்றேன். அவருக்கு இருட்டில் பார்வை எப்படி என்றார். தெரியாது என்றேன். வாசற்படியில் தடுக்கி விழுவாரா, பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவாரா, யாராவது கைகுலுக்கக் கை நீட்டினால் கவனிக்காமல் நிற்பாரா, சாயங்காலம் ஆனால் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். நாலாவது கேள்விக்கு அப்புறம் எனக்கு ஒரு வேகம் வந்து, அதற்குக் காரணம் வேறு டாக்டர், அவர் குடிப்பார் என்றேன்.

"குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி?" என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு முன்னாடி இருந்ததாக ஞாபகமில்லை.

அவர் எளிமையாகத்தான் விளக்கினார். விழித்திரை கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துப்போகிற பரம்பரை நோய் ஒன்று உண்டு. முதலில் இருட்டில் தெரியாது. பிறகு ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் மட்டும் தெளிவாக இருக்கும், அதனால் பேப்பர் படிக்கலாம், கண் டாக்டரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கலாம், ஒருவருக்கும் சந்தேகம் வராது. அதில் ஒரு வகை தாய்வழியாக வரும். பெண்களுக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது, விழித்திரையில் இப்படி ஒரு பொன்மினுக்கு மட்டும் தெரியும். ஆண்பிள்ளைகளுக்கு வந்தால் பார்வையை எடுத்துக்கொள்ளும். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் அண்ணனை நான் பார்த்தாக வேண்டும் என்றார். அதற்குப் பிறகு, எனக்கு மகன் இருக்கிறானா என்று கேட்டார். ஒரே மகள் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிங்கராஜபுரத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் அப்போது அவரும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் கணவரும் மகளும் இரண்டு தெரு தள்ளி இருந்தோம். அண்ணன் டிரைவர். முதலில் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை ராத்திரி ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் கேப் ஓட்டினார். அதைத் திடீரென்று விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்குப் பள்ளி வேன் ஓட்டப் போனார். ராத்திரித் தூக்கம் கெடுகிறது, பிள்ளைகளோடு இருக்க முடியவில்லை என்றார். குடும்பத்தில் எல்லோரும் அவரை மெச்சினோம். அவருடைய இரண்டு பெண்களும் அதே வேனில்தான் பள்ளிக்குப் போனார்கள். என் மகளும் இரண்டு வருடம் போனாள்.

அந்தப் பள்ளியின் ஆண்டுவிழா அன்று எல்லாம் கெட்டது. விழா முடிந்து, இருட்டியபின், பிள்ளைகளை வீட்டில் விடக் கிளம்பியபோது வேனைப் பள்ளி கேட்டின் தூணில் மோதிவிட்டார். ஜன்னல் கண்ணாடி உடைந்து உள்ளே ஒரு சிறுமியின் மடியில் கொட்டியது. கையில் கீறலோடு தப்பினாள். என் மகள் நடனம் ஆடியிருந்ததால் அன்றைக்கு நான் அவளை ஸ்கூட்டரில் அழைத்துப் போய்விட்டேன். ஓடிவந்த பெற்றோர்கள் கதவைத் திறந்தபோது அண்ணன்மேல் பிராந்தி நாற்றம். இரண்டு பேர் அடித்தார்கள். நான் தகவல் கேட்டுப் போனபோது வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்திருந்தார். ஆமாம், குடிச்சிருந்தேன் என்று எல்லோரிடமும் அவரே சொன்னார். வேலை போயிற்று. அண்ணி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விவேக் நகரிலிருந்த தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் அவரை ஒரு குடிமீட்பு இல்லத்தில் சேர்த்தோம். அங்கே ராத்திரி கழிவறைக்கு எழுந்து போகும்போது தரையில் படுத்திருந்தவர்களை மிதித்துவிடுகிறார் என்று புகார். அங்கேயும் அடிபட்டார். திரும்பி வந்தபிறகு அண்ணன் வெளிப்படையாகவே குடிக்க ஆரம்பித்தார். நாங்களும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தோம்.

இவ்வளவும் எனக்கு டாக்டரின் எதிரில் உட்கார்ந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மூன்றாவது மாடிக்கு எப்படிப் போனேன், கைப்பையை எப்படி எடுத்தேன் என்று நினைவில்லை. கண்மணி விரிந்திருந்ததால் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் நேரே அம்மாவிடம் போனேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் வெளியே போயிருந்தார். டாக்டர் சொன்னதை நான் முடிந்தவரை பதறாமல் சொன்னேன். நோயின் பேரெல்லாம் சொல்லவில்லை. அம்மா வழியாக ஆண்பிள்ளைக்கு வருமாம், இருட்டில் தெரியாதாம், பக்கத்தில் இருப்பது தெரியாதாம் என்றேன். அம்மா மறுப்பார், அழுவார், ஜெபம் பண்ணுவோம் என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கீரைத்தண்டைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "எங்க அண்ணனுக்கும் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

அம்மாவின் அண்ணனை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். மில்லில் வேலை பார்த்தவர். மழை பெய்த ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, ஊர் மழைத்தண்ணீரெல்லாம் ஓடும் ராஜகால்வாயில் விழுந்து செத்தார். குடித்துவிட்டு விழுந்தார் என்பதுதான் வீட்டுக் கதை. எங்கள் வீட்டில் அவர் பெயரை எச்சரிக்கைக்காக மட்டுமே சொல்வார்கள். அண்ணன் முதல்முறை தடுமாறி வந்தபோது, அம்மா அவரைத் தன் அண்ணன் பெயர் சொல்லித்தான் திட்டினார்.

"தாத்தா அவன பெல்ட்டால அடிப்பாரு, குடிச்சிட்டு வந்து பாத்திரத்தையெல்லாம் ஒதைக்கிறான்னு" என்றார் அம்மா. "அவன் தூங்கறப்ப நான் போயி வாய மோந்து பாப்பேன்டி. ஒருநாளும் நாத்தம் வந்ததில்ல."

அதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். தன் அப்பாவிடம் சொன்னதாகவும், அவன் ஏதோ மென்னு நாத்தத்தை மறைக்கிறான், உனக்கென்ன தெரியும் என்று அவர் அதட்டியதாகவும் சொன்னார். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாராம். அதன்பிறகு வாழ்நாள் முழுக்கத் தானும் அதையே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறார். அம்மா அழவில்லை. கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததேயில்லை.

அண்ணன் வந்ததும் எப்படிப் பேச்சை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆபீசில் இலவசமாகக் கண் பார்க்கிறார்கள், வா என்றேன். எனக்கென்ன, கண்ணு நல்லாத்தான் இருக்குது என்று பேப்பரை எடுத்து ஒரு பொடியெழுத்து விளம்பரத்தைக் கடகடவென்று படித்துக் காட்டினார். அப்போது நான் கைப்பேசியில் வாங்கி வைத்திருந்த என் விழித்திரைப் படத்தை அவர்முன் நீட்டினேன். கண்ணுக்கு நேரே நீட்டினேன். இது என் கண்ணு அண்ணா, இதுல ஏதோ இருக்குதுன்னு சொல்றாங்க என்றேன்.

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ஒனக்குமா பாப்பா?" என்றார். "ஒனக்கும் ராத்திரியில தெரியலையா?"

அந்த நிமிடம் வரை, அண்ணனுக்கும் தெரியாத ஒன்றை நான் அவருக்குச் சொல்லப்போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியும். வருடக்கணக்காகத் தெரியும்.

எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும் அவர் ஆறுதலோடு மூச்சுவிட்டதையும் பார்த்தேன். மறுநாள் மறுபேச்சில்லாமல் என்னோடு வந்தார்.

தரைத்தளத்தில் ஒரு குழிவான வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து உட்காரச் சொன்னார்கள். நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரங்களில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்து வெளிச்சங்கள் மின்னிக்கொண்டே இருந்தன. அண்ணனின் கட்டைவிரல் அசையவில்லை. படமெடுக்கும் பெண், கருவி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை எழுந்து சரிபார்த்தாள். பிறகு வெளிச்சம் நடுவுக்குக் கிட்டே வந்ததும் பொத்தான் சத்தம் கேட்டது.

முடிவை டாக்டர் திரையில் காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வட்டம். வட்டம் முழுக்கக் கருப்பு. நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டுதான் அண்ணனின் உலகம். ஒரு நீளமான குழாய் வழியாகப் பார்ப்பது போல என்றார் டாக்டர். பரிவோடுதான் பேசிக்கொண்டிருந்தார், அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கும்வரை. பள்ளி வேன் ஓட்டினேன் என்று அண்ணன் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். எப்போது வரைக்கும் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். டாக்டர் அந்தக் கருப்பு வட்டத்தை மறுபடி பார்த்தார். "இது இந்த ரெண்டு வருஷத்துல வந்ததில்ல" என்று மெதுவாகச் சொன்னார். அப்போதே பாதிக்குமேல் போயிருக்கும் என்றார். கோபப்படவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் சற்றுநேரம் இருந்தார்.

வெளியே கேன்டீன் பக்கத்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணனே பேசினார்.

"அன்னிக்கி ஒரு சொட்டு குடிக்கல பாப்பா. கேட்டு எங்க இருக்குதுன்னே தெரியல. சீரியல் லைட்டு மட்டும் தெரியுது, மத்ததெல்லாம் இருட்டு. இடிச்சப்புறம் சீட்டு கீழ ஒரு குவார்ட்டர் வச்சிருந்தேன், அத எடுத்து வாயில ஊத்திக் கொப்பளிச்சேன். சட்டையிலயும் ஊத்திக்கிட்டேன்."

எனக்கு முதலில் புரியவேயில்லை. குடிக்காதவன் எதற்குச் சீட்டுக்கடியில் பாட்டில் வைத்திருந்தாய் என்று கேட்டேன். இதுக்குத்தான் வச்சிருந்தேன் என்றார். கல்யாணம், பிறந்தநாள் என்று சாயங்காலம் எங்கே போனாலும் அதில் ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாராம். தடுக்கி விழுந்தால் ஒரு காரணம் இருக்க வேண்டுமே.

"ஏண்ணா இப்டி பண்ணே?"

"குடிகாரன்னா என்னிக்காவது திருந்துவான்னு நெனப்பாங்க. கண்ணு போச்சுன்னா அதோட முடிஞ்சிதுல்ல. லைசென்ஸ் போயிடும். வேற எனக்கு என்ன தெரியும்?"

ராத்திரி கேப்பை விட்டதும் அதனால்தான். பகலில் சமாளித்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். ஆயிரக்கணக்கான வீடுகளில் குடியைப் பற்றிக் கேட்டவள் நான். குடியை மறைத்தவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். குடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒருவரை அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் என் கூடப்பிறந்தவராக இருந்தார்.

அன்று சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும், ஏதோ சும்மா கேட்பது போல, மாமா வேனில் போனதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமா வேன்தான் சூப்பர், மாமா கேம் வைப்பாரு என்றாள். என்ன கேம் என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகள் வெளியே என்ன வருகிறது என்று முதலில் பார்த்துக் கத்த வேண்டும். இடதுபக்கம் பைக், வலதுபக்கம் ஆட்டோ, நாய் குறுக்கே வருகிறது என்று. யார் அதிகம் சொல்கிறார்களோ அவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாக்லேட். முன்சீட்டில் உட்கார்கிறவர்களுக்கு டபுள் பாயின்ட். "நான்தான்மா எப்பவும் ஜெயிப்பேன்" என்றாள்.

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஒரு வேன் நிறையக் குழந்தைகளின் கண்களை வைத்துக்கொண்டு அவர் ஹென்னூர் மெயின் ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறார். அவர்கள் சிரித்துக்கொண்டே, கத்திக்கொண்டே, ஒவ்வொரு நாளும் தங்கள் உயிரைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருநாள் எல்லோரும் தூங்கியிருந்தால்? ஒருநாள் ஏதோ சண்டையில் யாரும் விளையாடாமல் இருந்திருந்தால்? எனக்கு அண்ணன்மேல் அன்று வரைக்கும் வராத ஒரு வெறுப்பு வந்தது. மதியம் மரத்தடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவளும் நான்தான்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, இதை வெளியே யாரிடமும் சொல்லாதே என்றார். அதன்பிறகு பல மாதங்கள் அவர் அண்ணனோடு பேசவில்லை.

அண்ணியிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விவேக் நகர் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவரை, மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டிக் கூட்டம் குறைந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். அவர் குடிகாரர் இல்லை என்று சொன்னால் அண்ணி மனமிரங்கிவிடுவார் என்று ஒரு நப்பாசை எனக்கு. முழுவதையும் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை.

"குடிகாரனா இருந்திருந்தா ஒருநாள் திரும்பி வந்திருப்பேன்" என்றார். "தெரிஞ்சே ஓட்டியிருக்காரு. என் ரெண்டு புள்ளைங்களும் அந்த வண்டியிலதான் இருந்துச்சுங்க."

அதே கோபம் எனக்குள்ளும் இருந்தது. சொல்ல இன்னொன்றும் பாக்கியிருந்தது. தகப்பனிடமிருந்து இந்த நோய் மகனுக்குப் போகாது, ஆனால் மகள்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்கள். அதை நான் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் டாக்டரே அண்ணியை அழைத்து, நாளைக்கு இந்தப் பெண்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் என்னென்ன சோதனை செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அண்ணி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது, இன்னும் ஏதாவது இருக்குதா, இருந்தா இப்பவே சொல்லிடுங்க என்று மட்டும் கேட்டார்.

இந்த வகைக்கு இப்போதைக்கு மருந்து இல்லை. உலகத்தில் எங்கெங்கோ ஆராய்ச்சி நடக்கிறது, உங்கள் அண்ணன் பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்றார் டாக்டர். குடியை மட்டும் நிறுத்தச் சொன்னார். வேடத்துக்காக வாயில் ஊற்றிக்கொண்டது, வேலையும் வீடும் போனபிறகு நிஜமாகவே பழக்கமாகியிருந்தது. ஆய்வோடு குடியை நிறுத்த ஆலோசனையும் தருகிற எங்கள் மூன்றாவது மாடிக்கு அண்ணன் நோயாளியாக வந்தார். என்னோடு வேலை செய்கிற ஒருவர்தான் அவரிடம் பேசினார். நான் அந்த நேரங்களில் வெளியே போய்விடுவேன். இரண்டுமுறை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் முறை நின்றது. இன்னும் நின்றிருக்கிறது.

அம்மா மாறிப்போய்விட்டார். அண்ணனுக்குத் தட்டு வைக்கும்போது, சோறு இங்க, கொழம்பு இங்க, தண்ணி வலது கைப்பக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். சில சமயம் அண்ணனைத் தன் அண்ணன் பெயர் சொல்லி அழைத்துவிடுவார், திட்டாமல். அண்ணன் அதைத் திருத்துவதில்லை.

பார்வையற்றோருக்கான ஒரு பயிற்சி நிலையத்தில் வெள்ளைக்கோலோடு நடக்கவும், பேசும் கைப்பேசியைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டார். கோலை எடுக்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் பிடிவாதம் பிடித்தார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றார். குடிகாரன் என்று தெரிந்தபோது வராத கூச்சம். இப்போது கம்மனஹள்ளியில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின்களைப் பழுதுபார்க்கும் கடையில் போனில் புகார்களைக் கேட்டு, ஆட்களை அனுப்பும் வேலை. காலையில் ஆபீஸ் போகிற வழியில் நான் கொண்டுபோய் விடுகிறேன். அண்ணி திரும்பி வந்து குடியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு வந்து சமைத்துப் போட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார். பேச்சு உண்டு. அதற்குமேல் என்ன என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் சம்பள நாளன்று அண்ணன் எனக்கு பஃப் வாங்கித் தருகிறேன் என்று பிடிவாதமாக அழைத்துப் போனார். எங்கள் ஏரியாவின் பழைய பேக்கரிதான். வெளியில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோலை மடித்து அக்குளில் வைத்திருந்தார். ஒரு பெண் எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார். அந்த வேனில் போன பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா. அவள் என் மகளுக்கு ஒரு வகுப்பு மூத்தவள். ஆண்டுவிழா அன்று கேட்டருகே நின்று கத்தியவர்களில் இவரும் ஒருவர் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அவர் கண்கள் கோலையே பார்த்தன.

என்னைப் பார்த்து, அய்யோ என்ன ஆச்சு என்றார். நான் பதில் சொல்லுமுன் அண்ணன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கண்ணு போயிடுச்சு மேடம் என்றார். குடியினாலயா என்று அந்தப் பெண் தயங்கிக் கேட்டார். பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார். நானும் மனதுக்குள் அண்ணன் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று விரும்பினேன்.

"இல்ல மேடம். பொறவியிலேயே உள்ள நோவு. வேன் ஓட்டறப்பவே பாதி தெரியாது. ஒங்க பொண்ணு வந்தப்பவும்தான்."

அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. கேட்டது உள்ளே போக நேரம் பிடித்தது. பிறகு கையிலிருந்த ரொட்டிப் பையைப் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார், விழுந்துவிடும் என்று பயந்தவர் போல. உதடுகள் அசைந்தன. என்னைப் பார்த்தார், உனக்குத் தெரியுமா என்று கேட்பது போல. நான் தலையசைத்தேன். அவர் கத்துவார், கூட்டம் கூடும், யாராவது அடிப்பார்கள் என்று நினைத்து நான் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. பையை விட்டுவிட்டே நடந்தார், வேகமாக, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்துச் சந்தில் திரும்பினார். கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் கூப்பிட்டபடி ஓடினார்.

அண்ணன் பஃபைக் கையில் வைத்தபடி அந்தப் பெண் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நிக்கறாங்களா?" என்றார்.

"போயிட்டாங்க அண்ணா."

மத்தவங்களுக்கும் சொல்லணும்ல என்று அண்ணன் கேட்டார். சொல்லணும் என்றேன். கோலை விரித்துக்கொண்டார். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.